கீழாநெல்லியும் காமாலைக் கிருமியும்

மஞ்சள் காமாலை வந்து கீழாநெல்லி குடித்துக் குணமான ஒருவராவது இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் அரிது. கண் மஞ்சளாக இருக்கிறது என்று யாராவது சொல்லி முடிப்பதற்குள் ஒரு முகவரி வந்துவிடும். இன்ன ஊர், கோயிலுக்குப் பின்தெரு, விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும், பரம்பரையாகக் கொடுக்கிறார்கள், காசு கேட்கமாட்டார்கள், வெற்றிலை பாக்கோடு முடிந்ததை வைத்துவிட்டு வரலாம். கூடவே ஒரு வாக்கியமும் தவறாமல் வரும்: "இங்கிலீஷ் மருந்துல காமாலைக்கு மருந்தே கிடையாது."

அந்த வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. அசுத்தமான தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ கிருமியைக் கொல்ல இன்றுவரை தனி மருந்து கிடையாது. ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள், வாரம் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லி மருத்துவர் அனுப்பிவிடுகிறார். வீட்டுக்கு வருகிறவருக்கு அது கைவிட்டதுபோல் இருக்கிறது. நாட்டு வைத்தியரோ கையில் ஒரு மருந்து கொடுக்கிறார், பத்தியம் சொல்கிறார், எத்தனை நாளில் இறங்கும் என்று கெடுவும் சொல்கிறார். சொன்னபடியே இறங்கியும் விடுகிறது. குணமானவர் அதன்பிறகு தன் வாழ்நாள் முழுக்க அந்த முகவரியைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதில் எங்கேயும் பொய் இல்லை. அவர் பட்டதைத்தான் சொல்கிறார். ஆனால் அனுபவம் உடம்பு பட்டதைச் சொல்லும். உள்ளே கிருமி என்ன ஆயிற்று என்பது அதற்குத் தெரியாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கியதால் உயிர்கள் போயிருக்கின்றன. இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

முதலில் அந்த மருந்தைப் பார்ப்போம். கீழாநெல்லி மழைக்குப் பிறகு வரப்பிலும் கிணற்றடியிலும் தானாக முளைக்கிற, முழங்கால் உயரம்கூட எட்டாத செடி. பார்க்க நெல்லி இலைபோல இருக்கும். கிளையைத் திருப்பிப் பிடித்தால் இலைகளுக்கு அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். அதை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் வைத்து மைபோல அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரிலோ வெள்ளாட்டுப் பாலிலோ கரைத்துக் கொடுப்பார்கள். என் பெரியம்மா வீட்டில் அரைத்தபோது கூடம் முழுக்கப் பச்சைத் தழையின் வாடை நின்றது. குடித்த பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டியதும் நினைவிருக்கிறது. உப்பு, புளி, எண்ணெய், காரம் எல்லாம் தள்ளுபடி. மோர்ச்சோறு, இளநீர், கரும்புச் சாறு மட்டும். கறி, மீன் வாசனைகூட ஆகாது. குடிக்கிற பழக்கம் உள்ளவர் பாட்டிலைத் தொடவே கூடாது.

இந்தப் பத்தியத்தை ஏளனமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீங்கிய கல்லீரலோடு கிடப்பவருக்கு எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்டாலே குமட்டும், மோர்ச்சோறுதான் இறங்கும். குடிகாரரைச் சில வாரம் சாராயத்திலிருந்து விலக்கி வைப்பது மட்டுமே அவர் கல்லீரலுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. வேலைக்குப் போகாமல் படுத்திருக்க வீடே அனுமதி கொடுக்கிறது. வைத்தியர் இமையை இழுத்துப் பார்க்கிறார், நாக்கைப் பார்க்கிறார், நேற்று மூத்திரம் என்ன நிறம் என்று விசாரிக்கிறார். அரசு மருத்துவமனையின் வெளிநோயாளி வரிசையில் நின்றவருக்கு அந்த விசாரிப்பின் அருமை தெரியும். இவையெல்லாம் உண்மையான பலன்கள். செடியைப் பற்றிய கேள்வி வேறு.

கண் மஞ்சளாவது ஒரு நோய் அல்ல, அறிகுறி. ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்ந்து சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. அதை ரத்தத்திலிருந்து எடுத்துப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புவது கல்லீரலின் வேலை. அந்த வேலை எங்கே தடைப்பட்டாலும் கண் மஞ்சளாகும். ஏ முதல் ஈ வரை ஐந்து ஹெபடைடிஸ் கிருமிகள் அதைத் தடுக்கலாம். எலிக்காய்ச்சல் தடுக்கலாம். பித்தக் குழாயில் சிக்கிய கல்லும் கணையத்தில் வளரும் கட்டியும் தடுக்கலாம். காசநோய் மாத்திரை, அளவு மீறிய பாரசிட்டமால், பல வருடக் குடி எல்லாமே இதைச் செய்யும். தமிழ்நாட்டில் தற்கொலை முயற்சியாக எலி பேஸ்ட் தின்றவர்கள் இரண்டு மூன்று நாள் நன்றாக நடமாடிவிட்டுக் காமாலையோடு வந்து இறந்துபோவது கல்லீரல் மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த துயரம். இத்தனைக்கும் வெளியே தெரியும் மஞ்சள் ஒன்றேதான்.

நாம் அதிகம் காணும் காமாலை ஏ வகையும் ஈ வகையும். இவற்றின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கீழாநெல்லிக்குக் கிடைத்த பெயரின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. ஹெபடைடிஸ் ஏ கிருமி வயிற்றுக்குள் போனதிலிருந்து அறிகுறி தெரிய சராசரியாக 28 நாள் ஆகும். மலத்தில் கிருமி மிக அதிகமாக வெளியேறுவது கண் மஞ்சளாவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரத்தில். கிருமி புகுந்த கல்லீரல் செல்களை நம் உடம்பின் எதிர்ப்பாற்றலே தேடித் தேடி அழிக்கிறது. அந்தச் சண்டையின் சேதம்தான் காமாலை. அதாவது, கண் மஞ்சளாகி வீட்டார் பதறும் நேரத்தில் கிருமி ஏற்கெனவே பின்வாங்கத் தொடங்கியிருக்கும். ஆட்டம் முடியும் தறுவாயில்தான் மருந்து களத்துக்கு வருகிறது.

இன்னொன்றும் உண்டு. பிலிரூபினில் ஒரு பகுதி ரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆல்புமின் பாதியாகக் குறையவே சுமார் மூன்று வாரம் பிடிக்கும் என்பதால், கல்லீரல் தேறிய பிறகும் மஞ்சள் உடனே போகாது. பசி திரும்பும், குமட்டல் நிற்கும், கண் மட்டும் மஞ்சளாகவே இருக்கும். அந்த இடைவெளியில் குடும்பம் பொறுமை இழந்து வேறு வைத்தியரைத் தேடும். முதலில் பார்த்த மருத்துவர் தோற்றவர் ஆகிறார். கடைசியில் போன இடத்துக்கு வெற்றி. ஒரே ஊரில் மூன்று காமாலை வைத்தியர்கள் மூன்று வேறு மருந்து கொடுத்து மூவருமே கைராசிக்காரர்களாக இருக்க முடிவது இதனால்தான். சிலர் கீழாநெல்லி தருகிறார்கள், சிலர் கரிசலாங்கண்ணி, சிலர் மந்திரித்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள், சில ஊர்களில் கையில் சூடு வைக்கிறார்கள். சூடு வைத்த தழும்பைக் காட்டி "இதுதான் என்னைக் காப்பாற்றியது" என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். சூட்டையும் கீழாநெல்லியையும் சமமாக வைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அனுபவம் மட்டுமே ஆதாரம் என்றால் இரண்டுக்கும் கிடைக்கும் மதிப்பெண் ஒன்றுதான்.

ஹெபடைடிஸ் ஏ வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களே கல்லீரல் செயலிழந்து இறக்கிறார்கள். மற்ற 99 பேரும் எதைக் குடித்தாலும், குடிக்காவிட்டாலும், பிழைத்துச் சாட்சி சொல்வார்கள். இறந்தவர் வந்து சொல்லப்போவதில்லை. அவர் வீட்டாரும் "நேரம் கடந்து போனோம்" என்றுதான் சொல்வார்கள், மருந்தைக் குறை சொல்லமாட்டார்கள். ஈ வகை சாதாரணமாக ஏ வகை போலவே தானாக அடங்கினாலும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் நாலில் அல்லது ஐந்தில் ஒருத்தியின் உயிரை எடுக்கக்கூடியது. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் அது வைத்தியர் வாசலில் காத்திருக்கும் நோய் அல்ல.

இங்கே சென்னையின் கதையைச் சொல்லியாக வேண்டும். நாட்டு மருந்தை யாரும் ஆராயவில்லை, மேல்நாட்டுக்காரர்கள் மதிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு கீழாநெல்லிக்குப் பொருந்தாது. மதித்தவர்களில் ஒருவர் பரூச் பிளம்பர்க். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றவர். அதன் தடுப்பூசிக்கு வழி வகுத்தவர். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அவருடைய குழு கீழாநெல்லிச் சாற்றைச் சோதனைக் குழாயிலும் வுட்சக் என்ற கொறிவிலங்கிலும் சோதித்து 1987-இல் வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி பெருகத் தேவையான நொதியை அந்தச் சாறு தடுத்தது. மனிதக் கிருமிக்கு நெருங்கிய உறவான இன்னொரு கிருமி தாக்கிய வுட்சக்குகளிலும் பலன் தெரிந்தது.

மறு ஆண்டு, 1988-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜனும் பிளம்பர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியை நாட்பட்டுச் சுமந்துகொண்டிருந்த 78 பேரில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லித் தூள், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை, 30 நாள். முடிந்து 15 முதல் 20 நாளில் ரத்தம் பார்த்தபோது கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. 59 சதவீதம். போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் அப்படி நடந்தது. சிலரை ஒன்பது மாதம் வரை கவனித்தும் அந்தப் புரதம் திரும்பவில்லை.

இதன் பெருமையை உணர ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் அந்தப் புரதம் தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் என்ற அளவில்தான். இன்றைய மிகச் சிறந்த மாத்திரைகளால்கூட ஒரு மாதத்தில் பாதிப் பேருக்கு அதைச் செய்ய முடியாது. வரப்பில் முளைக்கும் செடி அதைச் செய்தது என்றால் உலகத்தின் கோடிக்கணக்கான உயிர்களுக்கு அது விடிவு. அன்று கிளம்பிய நம்பிக்கை நியாயமானது. கட்டுரையாளர்களும் அதை முதற்கட்ட ஆய்வு என்றே சொன்னார்கள், தொடர்ந்து ஆராய வேண்டும் என்றே எழுதினார்கள்.

ஆனால் அந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். 37-உம் 23-உம் சேர்ந்தால் 60. தொடங்கியவர்கள் 78 பேர். மீதி 18 பேர் கணக்கில் இல்லை. சிறிய ஆய்வில் அத்தனை பேர் விடுபடுவது முடிவை எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடியது. பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தார்கள். தாய்லாந்தில் செய்த ஆய்வு 1990-இல் அதே 'லான்செட்'டில் வந்தது: பலன் இல்லை. நியூசிலாந்தில் செய்தார்கள், 1994-இல் வெளியானது: பலன் இல்லை. 2011-இல் காக்ரேன் அமைப்பு உலகில் நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, போலி மாத்திரையைவிடக் கீழாநெல்லி இனம் மேலானது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று முடித்தது.

செடி மாறியிருக்கலாம், பறித்த பருவம் மாறியிருக்கலாம், மண் மாறியிருக்கலாம் என்று சென்னைத் தரப்பில் வாதம் உண்டு. அது வெறும் சால்ஜாப்பு அல்ல. கீழாநெல்லி என்ற பெயரில் நம் ஊரில் நெருங்கிய உறவுச் செடிகள் பல கலந்தே வளர்கின்றன. தாவரவியலாளர்களே நெடுங்காலம் அவற்றுக்கு ஒரே பெயரிட்டு வந்தார்கள். தென்னிந்தியச் சரக்குக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்றதை மரபணுச் சோதனை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சரக்கில் வேறு இனங்கள் கலந்திருந்தன. சரி, செடியும் பருவமும் மண்ணும் அமைந்தால்தான் வேலை செய்யும் என்றால், அந்தச் செடியை அந்த மண்ணில் வளர்த்து, அந்தப் பருவத்தில் பறித்து, பெரிய ஆய்வு ஒன்றில் மறுபடி காட்ட வேண்டும். 1988 கழிந்து இத்தனை காலமாகியும் ஒரு மாதத்தில் 59 சதவீதம் என்பதை எவரும் திரும்பக் காட்டவில்லை. தியாகராஜன் குழு செய்தது அனுபவத்தை அறிவியலின் வாசலுக்குக் கொண்டுவந்த மதிப்புக்குரிய வேலை. அதில் எனக்கு ஐயம் இல்லை. வாசலுக்கு வந்த சாட்சி குறுக்கு விசாரணையில் நிற்கவில்லை என்பதிலும் ஐயம் இல்லை. இந்த இரண்டாம் பாதியை நம் ஊர் விளம்பரப் பலகைகள் சொல்வதே இல்லை. முதல் பாதிதான் இன்றும் மருந்துப் பொட்டலங்களின்மேல் வாழ்கிறது.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் யார்? பெரும்பாலும் இளைஞர்கள். வளைகுடா நாட்டில் வேலை கிடைத்து, விசாவுக்கான மெடிக்கலுக்குப் போகிறார்கள். அதுவரை ஒரு நாளும் காய்ச்சல்கூட வராதவர்கள். அறிக்கையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வருகிறது, "அன்ஃபிட்" என்று முத்திரை விழுகிறது. ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், வாங்கிய கடன், வீட்டில் பார்த்திருக்கும் பெண், எல்லாம் ஒரே தாளில் நிற்கிறது. அப்படி ஒருவரிடம் பேசினேன். "எனக்கு ஒண்ணுமே இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை அழைத்துப்போன வைத்தியர், மூன்று மாதத்தில் நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன் என்றாராம். காலையில் கீழாநெல்லி உருண்டை, இரவில் ஒரு சூரணம், உப்பில்லாச் சோறு. மூன்று மாதம் முடிந்து பார்த்தால் பாசிட்டிவ். "பத்தியம் முறிஞ்சிருக்கும்" என்று வைத்தியர் சொன்னார், இவரும் நம்பினார். தம்பி கல்யாணத்தில் ஒரு வாய் பிரியாணி சாப்பிட்டது உண்மைதானே! தோல்விக்கான பழியை நோயாளியின் தலையில் இறக்கிவிடும் இந்த ஏற்பாடுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆறாத கோபத்தைத் தருகிறது.

ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள வேறுபாடு அந்த இளைஞருக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவர்களைப் பி கிருமி புதிதாகத் தாக்கினால் 100-இல் 95 பேர் தாமாகவே அதை வென்றுவிடுவார்கள். இவர்களும் கீழாநெல்லிக்குச் சாட்சிகள் ஆவார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து பெற்ற குழந்தைகளில் 90 சதவீதம் பேரின் உடம்பில் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வளையமாகச் சுருண்டு கிடக்கும் அதன் மரபணுவை இன்றுள்ள எந்த மருந்தும் முழுதாக அகற்றுவதில்லை. டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் கிருமி பெருகாமல் அடக்கி வைக்கும், கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸும் புற்றுநோயும் வரும் வாய்ப்பைக் குறைக்கும். எல்லோருக்கும் அது தேவைப்படுவதும் இல்லை. தேவை யாருக்கு என்பதைக் கிருமியின் அளவும் கல்லீரலின் நிலையும் சொல்லும். ஆனால் தொடங்கிய மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று திடீரென நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறினால், அடங்கிக் கிடந்த கிருமி பாய்ந்து கிளம்பிக் கல்லீரலையே சாய்த்துவிடலாம். வலியில்லாத நோய் இது. "நல்லாத்தான் இருக்கேன்" என்ற அனுபவமே இதில் மிகப் பெரிய ஏமாற்று.

அனுபவமும் கிருமியும் வெவ்வேறு பாதையில் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல சான்று ஒன்று உண்டு. அங்கே கீழாநெல்லியின் இடத்தில் இருப்பது பால் முள்செடி எனப்படும் மில்க் திஸில். அதன் விதைச் சாரமான சிலிமரின், கல்லீரலுக்கு நல்லது என்று மருந்துக் கடைகளில் மாத்திரையாக விற்கிறது. நம் ஊர் மருத்துவர்களும் எழுதிக்கொடுப்பதுண்டு. நாட்பட்ட ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 1,145 பேரிடம் ஒரு பெரிய ஆய்வில் விசாரித்தபோது, 23 சதவீதம் பேர் அப்போது மூலிகை மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மேலும் 21 சதவீதம் பேர் முன்பு சாப்பிட்டிருந்தார்கள். அதில் பெரும்பகுதி சிலிமரின்தான். சாப்பிட்டவர்களுக்குக் களைப்பு, குமட்டல், மூட்டு வலி போன்றவை மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. ஆனால் கல்லீரல் நொதியின் அளவிலும் கிருமியின் அளவிலும் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. உடல்நலத்தில் அக்கறையோடு தேடி வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் நன்றாக இருப்பவர்களா, மாத்திரைதான் நன்றாக வைத்ததா என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது.

அதற்காகவே அடுத்த ஆய்வு நடந்தது. 154 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு சாராருக்கு 420 மில்லிகிராம், இன்னொரு சாராருக்கு 700 மில்லிகிராம் சிலிமரின், மூன்றாம் சாராருக்குப் போலி மாத்திரை, நாளைக்கு மூன்று வேளை, 24 வாரம். முடிவு 2012-இல் வந்தது. எதிர்பார்த்த அளவுக்குக் கல்லீரல் நொதி குறைந்தவர்கள் முதல் குழுவில் இரண்டு பேர், இரண்டாம் குழுவில் இரண்டு பேர், போலி மாத்திரைக் குழுவிலும் இரண்டு பேர். அடுத்த சில ஆண்டுகளில் சோஃபோஸ்புவிர் வந்தது. வேறொரு மாத்திரையோடு சேர்த்து 12 வாரம் சாப்பிட்டால் ஹெபடைடிஸ் சி பெரும்பாலோரிடம் அடியோடு ஒழிகிறது. அது மேல்நாட்டு மருந்து என்பதால் வென்றதல்ல. கேட்ட சோதனை ஒவ்வொன்றிலும் நின்றுகாட்டியதால் வென்றது.

கொரோனா காலத்தில் இதே பாடம் எல்லா வீட்டுக்கும் வந்தது. வைட்டமின் சி-யும் துத்தநாக மாத்திரையும் கடைகளில் கிடைக்காமல் போன நாட்கள் அவை. தமிழ்நாட்டில் அரசே கபசுரக் குடிநீரை மக்களுக்குக் கொடுத்தது. அமெரிக்காவின் கிளீவ்லண்டு மருத்துவமனை, வீட்டிலேயே இருந்து சிகிச்சை பெற்ற 214 பேரைப் பிரித்து, சிலருக்கு உயர் அளவு வைட்டமின் சி-யையும் துத்தநாகத்தையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இனித் தொடர்வதில் பயனில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கொரோனாவும் பெரும்பாலோருக்குத் தானாக அடங்கும் நோய் என்பதால், அன்று என்ன குடித்தோமோ அதற்கே நாம் நன்றி சொன்னோம்.

எதிர்ப்பு சக்தி கூடும் என்ற நம்பிக்கையில் சீந்தில் கொடியை வாரக்கணக்கில் காய்ச்சிக் குடித்தவர்களுக்கு வேறொன்று நேர்ந்தது. 2021-இல் மும்பை மருத்துவர்கள், அப்படிக் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டு வந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். செடி அதுதானா என்று உறுதி செய்யவில்லை என ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அதன்பின் நாட்டின் 13 மருத்துவமனைகளிலிருந்து 43 பேரைப் பற்றிய விவரம் திரட்டி வெளியிடப்பட்டது. எதிர்ப்பாற்றல் தன் உடம்பின் கல்லீரலையே தாக்கும் வகைப் பாதிப்பு அவர்களில் பலரிடம் காணப்பட்டது. காமாலைச் சேதத்தைச் செய்வதே எதிர்ப்பாற்றல்தான் என்று மேலே பார்த்தோம். அதைக் கண்மூடித்தனமாகத் தூண்டிவிடுவது எல்லோருக்கும் நன்மையாக முடியும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. குடித்த லட்சக்கணக்கானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மை. ஆனால் கல்லீரல் நோய் ஏற்கெனவே இருப்பவர் தனக்கு அது இருப்பதை அறியாமலே குடிக்கிறார் என்பதுதான் கவலை.

மருத்துவர்கள் இதில் தப்பிக்க முடியாது. நாட்டு மருந்து குடித்ததாகச் சொன்னால் திட்டு விழும் என்று நோயாளிக்குத் தெரியும்; எனவே சொல்வதில்லை. "ஏதாவது நாட்டு மருந்து சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வியை அதட்டலாகக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். அந்த ஒரு பொய்யால் கல்லீரல் ஏன் கெட்டது என்ற உண்மை தொலைந்துபோகிறது. நோயாளியின் அனுபவத்தைக் கிருமிக்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. என்ன செடி, எத்தனை நாள், எங்கே வாங்கியது, குடித்தபின் பசி எப்படி, மூத்திரம் எப்படி என்று பொறுமையாகக் கேட்டு எழுதிவைக்கும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் இருந்திருந்தால் சீந்தில் கதை இன்னும் சீக்கிரம் தெரிந்திருக்கும். கீழாநெல்லிக்குப் பலன் எங்காவது இருந்தால் அதுவும் தெரிந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி-யோடும் 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி-யோடும் வாழ்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. எனவே வாசகரிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால், எந்த வைத்தியரிடம் போவது என்று கேட்பதற்கு முன் எந்தக் காமாலை என்று கேளுங்கள். ஏ, பி, சி, ஈ நான்கையும் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். நோயாளி பகலில் காரணமின்றித் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, மலம் வெளுத்துப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தானாக அடங்கும் வகை என்று தெரிந்தபின் மோர்ச்சோறும் ஓய்வும் போதும். உப்பில்லாப் பத்தியத்தை வாரக்கணக்கில் நீட்டிக் குழந்தையை வற்ற வைக்காதீர்கள். தெருவோரக் கரும்புச் சாற்றில் சேரும் ஐஸும் தண்ணீரும் எங்கிருந்து வந்தவை என்று பாருங்கள். ஏ வகையும் ஈ வகையும் அதே தண்ணீரில்தான் வருகின்றன. பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். எந்தக் கஷாயம் குடித்திருந்தாலும் அதன் பெயரை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 2018 ஜூலை 28 முதல் நடந்துவரும் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.